பக்கம் இருபது காசு

சிஸ்டர் இம்மாகுலேட் குடையை வாசலில் சாய்த்துவிட்டு
மைலோ டின் ஒன்றை மேசைமேல் வைத்தார்.
உள்ளே பழைய கணக்கு நோட்டு.
"ரோமாபுரிக்குப் போக வேண்டியது, லெட்சு.
முதுகு ஒடியாமல் எடு."

பர்மா ரோட்டில் என் கடைக்கு இதுவரை வந்ததெல்லாம்
ஐசி நகல், வீட்டுக் கிராண்டு, தண்ணீர்ப்பந்தல் ரசீது.
ஒருத்தியைப் புனிதையாக்கும் விண்ணப்பம்
இதுதான் முதல்.

சபையை நிறுவிய மதர் பெர்பெத்துவா.
பிறந்த பெயர் சவரியாயி.
அப்பா தொங்காங்கில் மூட்டை எண்ணிய கிராணி.
அவர் மிச்சம் வைத்துப்போன நோட்டில்
மகள் ஆட்களை எண்ணியிருக்கிறாள்.

'மூட்டை' என்று அச்சிட்ட கட்டத்தில் பெயர்.
'எடை' என்ற கட்டத்தில் உயிர் போன மணி.
'சேதம்' என்ற இடத்தில்
கடைசியாகக் கேட்டது:
தண்ணீர்.
தண்ணீர்.
சுருட்டு.
நாகப்பட்டணம் எந்தப் பக்கம் என்று.
ஒன்றுமில்லை, சிரித்தான்.
தண்ணீர்.

தும்பிக்கை தூக்கிய பழைய 'லை'.
சாதிக்கும் மதத்துக்கும் கட்டம் கிடையாது.
நடுநடுவே கடன்:
சவப்பெட்டி ஆ செங்கிற்கு மூன்று வெள்ளி பாக்கி.
'இன்று ஜெபிக்கவில்லை. கால் வீக்கம்.'
'நோவிஸ் பெண்ணை அறைந்தேன். மன்னிப்புக் கேட்டேன்.
மறுபடியும் அறைவேன் போலிருக்கிறது.'

மூடியைத் தூக்கி, தாளைக் கவிழ்த்து, பட்டனை அழுத்தினால்
பச்சை வெளிச்சம்
ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நடந்துபோகும்,
கட்டில் கட்டிலாக.

எண்பத்தேழாம் பக்கத்தில் மஞ்சள் ஒட்டுத்தாள்.
ஃபாதர் ரெக்ஸின் கையெழுத்து: இது வேண்டாம்.

அந்தப் படம் எனக்குக்கூடத் தெரியும்,
சபைக் காலண்டரில் வருஷா வருஷம் வருவது.
துறைமுக ஆஸ்பத்திரி. ஜுரத்தில் தம்பி.
நாற்காலியில் கண்ணயர்ந்த சவரியாயி.
தோளைத் தொட்டு எழுப்பும் சம்மனசு.

பக்கத்தில் இருந்தது வேறு.
'இதை எழுதப் பதினோரு வருஷம் ஆயிற்று.
தூங்கிப்போனேன். யாரும் எழுப்பவில்லை.
விடிந்தபோது அந்தோணிமுத்து விறைத்திருந்தான்.
உதட்டில் எறும்பு.
என்னைக் கூப்பிட்டானா என்று
அடுத்த கட்டில்காரனிடம் கேட்டேன்.
கூப்பிட்டானாம். ரெண்டு தரம்.'

மெஷினை நிறுத்தினேன்.
சிஸ்டர் மஞ்சள் தாளை உரித்து
மைலோ டின் மூடியில் ஒட்டினார்.
"எடு."
"ஃபாதர்..."
"ஃபாதர் ராத்திரியில் நன்றாகத் தூங்குகிறவர்.
எனக்கு மூன்று மணிக்குக் கண் சொருகும்.
நாற்பது வருஷமாக இந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான்
உட்கார்ந்திருக்கிறேன், தம்பி.
சம்மனசைப் பிடித்துக்கொண்டு இல்லை."

இப்போது சபையில் மூன்றே பேர்.
பவுலின் தானுக்கு முழங்கால் போயிற்று.
கெனிங்காவிலிருந்து வந்த சின்னவளுக்குத் தமிழ் வராது.
தண்ணீர் என்பதை மட்டும்
ஏழு பாஷையில் எழுதி
சட்டைப்பையில் வைத்திருக்கிறாளாம்.

ஆயர் இல்லத்து உறையில்
இருநூற்றுப் பதினொரு பக்கத்துக்கு
நாற்பத்திரண்டு வெள்ளி இருபது காசு, சில்லறை பிசகாமல்.
எண்பத்தேழுக்குத் தன் பர்சைக் கவிழ்த்து
ஒற்றை நாணயம் தேடி வைத்தார்.
வேண்டாம் என்றேன்.
"கணக்கு" என்றார்.

மழை விடவில்லை.
பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்தார்:
"கோப்பி ஓ, திக்காக, ரெண்டு!"
எனக்கும் சேர்த்து என்று நினைத்தேன்.
இரண்டும் அவருக்கே.

"இன்றைக்கு யார், சிஸ்டர்?"
"பெரியாஸ்பத்திரி. மூன்றாம் வார்டு.
சாரத்திலிருந்து விழுந்த பையன். பங்களாதேஷ் போல.
பேர் யாருக்கும் தெரியவில்லை."

கோப்பியை ஊதினார்.

"எட்டு மணிக்குள் போனால்
கேட்டுவிடலாம்."